வியாழக்கிழமை நகராத காசு

அத்தியாயம் 7

பழைய குற்றாலத்துக் குரங்குகளுக்கு ஜெபசிங்கின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாறை மேல் வைத்துவிட்டு, பேண்டை மடித்துவிடக் குனிந்தான். நிமிர்வதற்குள் பாக்கெட் மரத்தில் இருந்தது.

"ஏலே, இறங்குலே கீழ! ஒண்ணுகூட நான் வாயில போடலலே!" என்று கத்தினான். குரங்கு அவனைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்றது.

சிரிக்க வாயெடுத்த ஷரீபுன்னிசா சிரிக்காமல் நின்றுவிட்டாள். மலை முழுக்க மேகம் கறுத்துக் கிடந்தது. குளிக்க வந்த நாலைந்து பேரும் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டிருந்தது.

"ஜெபா, ரிஃபாத் எடுத்த வீடியோவப் போடு."

"இங்கன என் சோத்தப் பிடுங்கிட்டுப் போவுது, உங்களுக்கு வீடியோ கேக்குதாக்கும்?"

"போடுலே."

போட்டான். ஜூன் மாதச் சாரலில் எடுத்த வீடியோ அது. தென்காசியில் அதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. இதே பாறை. மேலே ஒரு சட்டை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு செல்போன், பக்கத்தில் பிரித்த சிப்ஸ் பாக்கெட். பின்னால் வெள்ளம் செம்மண் நிறத்தில் கொட்டுகிறது. "என் மச்சான தண்ணி கொண்டு போயிட்டே! சாமானெல்லாம் இங்கன வச்சிட்டு இறங்குனாவ. அரை மணி நேரமாத் தேடுதேன், ஆளக் காணலயே!" என்று ரிஃபாத்தின் குரல் கதறுகிறது.

ஷரீபுன்னிசா வீடியோவை நிறுத்தி, திரையில் அந்தப் பாக்கெட்டின் மேல் விரலை வைத்தாள். "அரை மணி நேரம்னு சொல்லுதான். உன் பாக்கெட்டு எவ்வளவு நேரம்லே இருந்துச்சு?"

ஜெபசிங் மரத்தைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், செல்போனைப் பார்த்தான். "அன்னைக்கி குரங்கெல்லாம் நோன்பு பிடிச்சிருக்குமோக்கா?"

"சாமான அவனேதான் கொண்டு வந்து வச்சிருக்கான். வச்ச கையோட படம் எடுத்திருக்கான். அழுகையெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

அப்படியானால் ரிஃபாத்தின் மச்சான் இத்ரீஸை வெள்ளம் கொண்டுபோகவில்லை.  

தென்காசி கூலக்கடை பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில்தான் ஷரீபுன்னிசாவின் துப்பறியும் ஆபீஸ். பெரும்பாலும் வளைகுடா மாப்பிள்ளை விசாரணைதான். சொன்ன வேலை நிஜமா, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வாள். பல கல்யாணம் அவளால் நின்றிருக்கிறது, சில கல்யாணம் அவளால் நடந்தும் இருக்கிறது. ஜெபசிங் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், வாய் ஓயாதவன். சம்பளம் குறைவு என்பதால் பேச்சில் ஈடுகட்டிக்கொள்கிறான்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தது ஹாஜரா பீவி. அவள் மகன் சுஹைப் சவூதியில், தம்மாமில் லாரி மெக்கானிக். கைச் சேமிப்பை மட்டும் அல்லாமல், அறையில் கூட இருந்தவர்களிடமும் வாங்கி, கிரிப்டோ காயின் வாங்கச் சொல்லி ஊரில் இருந்த இத்ரீஸுக்கு அனுப்பினான். இத்ரீஸை வெள்ளம் கொண்டுபோயிற்று என்று சேதி வந்ததும் அந்த அறைத் தோழர்களின் முகம் மாறியது. இப்போது சுஹைபின் பாஸ்போர்ட் அவர்களிடம். "உம்மா, காசு வராட்டா நான் உசிரோட ஊருக்கு வரமாட்டேன். என்னய மன்னிச்சிரு" என்று முந்தாநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

"காசு போனாப் போவுதுட்டி ஷரீபா. என் மவன் உசிர மட்டும் வாங்கித் தா" என்றாள் ஹாஜரா. காலையில் சொன்னது. இன்னும் அது ஷரீபுன்னிசாவின் காதைவிட்டுப் போகவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும், இத்ரீஸ் மற்ற ஏமாற்றுக்காரர்களைப் போல இல்லாத காயினை விற்கவில்லை. வாங்கினது நிஜம். "இது கண்ணாடி உண்டியல். உள்ள இருக்குறத யாரும் பாக்கலாம், சாவி உள்ளவன்தான் தொறக்கலாம்" என்று சொல்லி, எல்லோர் செல்போனிலும் அந்தக் கணக்கைப் பார்க்கும் வழியைப் போட்டுக்கொடுத்தான். பாங்கியில் அவர்கள் சொல்வதை நம்ப வேண்டும், இங்கே உன் கண்ணையே நம்பலாம் என்றான். அதிலும் பொய் இல்லை. சாவி ஒரே ஒருவன் கையில் இருக்கிறது, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன கதி என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவன் போன பிறகு விலை இன்னும் ஏறியது. அதுதான் கொடுமை. ஊரில் பல வீடுகள் செல்போனில் பெரும் பணக்காரர்கள், பால்காரருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. சரி, விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் சென்ற மாதம் கண்ணாடி உண்டியலுக்குள் இருந்த காசு நகர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக, எங்கோ ஓர் அடையாளம் தெரியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"செத்தவன் காசு எடுக்க மாட்டான்" என்றான் ஜெபசிங், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "ஆளு செங்கோட்டை தாண்டி கேரளாவுல எங்கயோ உக்காந்து புட்டும் கடலையும் திங்குதான். நமக்குத்தான் சிப்ஸுக்கும் வழியில்ல."

"காசு நகந்தா உன் போன் கத்தும்ல?"

"நாள் முழுக்கக் கத்துது. சோறு திங்கைல கத்துது, ஜெபத்துல உக்காந்தாக் கத்துது. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அவனுக்கு லீவு போல, ஒரு சத்தம் கிடையாது. அன்னைக்கித்தான் நான் நிம்மதியா ஒரு டீ குடிக்கேன்."

ஸ்கூட்டர் மேலகரத்தை நெருங்கியது. முதல் தூறல் விழுந்தது. பின்னால் இருந்து ஷரீபுன்னிசா கேட்டாள்.

"எல்லா வியாழக்கிழமையுமா?"

"ஒரு வியாழக்கிழமைகூடத் தப்பல. ஏன்க்கா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பொறவு நஸீபா வீட்ல பொம்பளையோ கூடி யாசீன் ஓதுதோம்லே. செத்துப்போன இத்ரீஸுக்காக."

ஜெபசிங் பிரேக்கைப் பிடித்த பிடியில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அவன் காதில் அது விழவில்லை.

நஸீபா இத்ரீஸின் மனைவி. இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. அவள் அறைக்குள் போலீஸ் போகவில்லை, ஜமாத்தார் போகவில்லை, காசு கொடுத்துவிட்டுத் தவிக்கிற ஆண்கள் ஒருவரும் போகவில்லை. போக மாட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் ரிஃபாத் மட்டுமே போகலாம், வரலாம்.

"யக்கா..." ஜெபசிங்குக்குக் குரல் இறங்கிவிட்டது. "செத்தவன் தன் பொண்டாட்டி இத்தா இருக்குற ரூம்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கான். வியாழக்கிழமை பொம்பளையோ வந்து ரூம்பு நெறஞ்சிருது, அவன் மூச்சுவிடாம எங்கயாவது பதுங்கிக் கெடக்கான். அதான் காசு நகரல!"

"அப்படித்தான் தோணுது."

"எந்த ஆம்பளையும் எட்டிப் பாக்க முடியாதேக்கா!"

"நான் பொம்பளைதானலே" என்றாள் ஷரீபுன்னிசா. "இன்னைக்கி வியாழக்கிழமை. வண்டிய விடு."

நஸீபாவின் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நாலு மாதமாக அதற்கு நல்ல வியாபாரம். காசு போட்டவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சண்டைக்குப் போவதில்லை. டீயை ஆற்றியபடி செல்போனைப் பார்ப்பார்கள், பிறகு அந்த வீட்டைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை ஷரீபுன்னிசாவுக்குப் பிடிக்கவில்லை. ஜெபசிங்கை அங்கே விட்டுவிட்டு, காத்திருந்த ஹாஜரா பீவியோடு தெருவைக் கடந்தாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரிஃபாத் உட்கார்ந்திருந்தான். எழுந்து வழிவிட்டான். "வாங்க லாத்தா. உள்ள எல்லாரும் வந்துட்டாவ" என்று மரியாதையாகத்தான் சொன்னான். கண் மட்டும் அவள் கைப்பையை ஒருமுறை தடவிவிட்டு வந்தது.

அறைவாசலில் கனத்த திரை. உள்ளே பாயில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் வெள்ளை உடுத்து நஸீபா. காதும் கழுத்தும் மூளி. சின்ன வயது. ஷரீபுன்னிசாவுக்கே ஒரு நொடி மனம் இளகிவிட்டது. இந்தப் பிள்ளையையும் அவன்தான் இந்தக் கூத்தில் இழுத்துவிட்டிருப்பான் என்று நினைத்தாள்.

கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு வெள்ளைத் துணி தொங்கியது. அதற்குப் பின்னால் உள்ளறைக் கதவு இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் பழைய வீடுகளின் அமைப்பு அவளுக்குத் தெரியும்.

"கை கால் கழுவி ஒலு செய்யணும். உள்ள பாத்ரூம் இருக்குலா?" என்று எழுந்தாள்.

"அங்கன பைப்பு ஒடஞ்சி கெடக்கு லாத்தா. முத்தத்துல செய்ங்க" என்றாள் நஸீபா. சட்டென்று வந்த பதில்.

முற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த ஷரீபுன்னிசா, பழைய இடத்தில் உட்காராமல் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மிஸ்ரியா நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டே காதில் முணுமுணுத்தாள். "பாவம், இத்தா முடிஞ்ச மறுநாளே அண்ணனும் தங்கச்சியும் துபாய் போறாவளாம். வீட்டப் பூட்டிட்டு. டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு."

"எத்தன டிக்கெட்டு?"

"என்ன கேள்வி இது? ரெண்டு பேருக்கு ரெண்டுதான்."

அப்போது மின்விசிறிக் காற்றில் சுவரில் தொங்கிய துணி ஒரு பக்கம் விலகியது. ஷரீபுன்னிசா பார்த்தாள். கதவு இருந்தது. கதவில் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது.

ஒளிந்திருக்கிறவன் உள்பக்கம்தான் தாழ் போடுவான். இங்கே பூட்டு வெளிப்பக்கம்.

 வழியெல்லாம் தான் கணக்குப் போட்டது அத்தனையும் தலைகீழ் என்று அந்தப் பூட்டு சொன்னது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவனுக்குக் காசு நகர்த்த என்ன தடை? எத்தனை பெண்கள் வந்து ஓதினாலும் சத்தமில்லாமல் விரலால் தட்டலாம். வியாழக்கிழமை சாயங்காலம் செல்போனைத் தொட முடியாத ஆள் ஒருவர்தான். இத்தனை பெண்களின் பார்வைக்கு நடுவே துக்கம் காத்து உட்கார வேண்டிய ஆள். உண்டியலின் சாவி இப்போது அந்த ஆளின் கையில். நஸீபா.

ஷரீபுன்னிசா தலையணையைப் பார்த்தாள். நஸீபாவின் வலது கை அதன் அடியில் நுழைவதும், யாராவது நிமிர்ந்தால் வெளியே வருவதுமாக இருந்தது.

இரண்டு டிக்கெட். பூட்டப்போகிற வீடு. ஏற்கெனவே செத்துவிட்டதாக ஊரே தொழுது முடித்த ஒரு மனிதன். அவன் இனி நிஜமாகவே செத்தாலும் தேடுவதற்கு ஒருவரும் இல்லை. உள்ளே இருக்கிற இத்ரீஸ் கத்திக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் வாசலில் ரிஃபாத் இருக்கிறான், எதிரே டீக்கடையில் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் வந்தாலும் அவனுக்குப் பயம். அவன் செத்துப்போனால் சுஹைபுக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆளே இருக்காது.

யாசீன் ஓதி முடிந்தது. துஆ கேட்க மிஸ்ரியா கையேந்தினாள். ஷரீபுன்னிசா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னைக்கி நான் கேக்கேன்."

கையேந்தினாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தப்பாகப் போனால் இந்த ஊரில் அவள் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். குரலை உயர்த்தி, சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தே கேட்டாள்.

"யா அல்லாஹ், இத்தன நாளும் நாங்க மவுத்தானவுகளுக்காகக் கேட்டோம். இன்னைக்கி உசிரோட இருக்குறவுகளுக்காகக் கேக்கோம். தம்மாம்ல தவிக்குற சுஹைப உசிரோட கொண்டு வா."

"ஆமீன்" என்றார்கள் பெண்கள். ஹாஜராவின் ஆமீன் அழுகையாக வந்தது.

"இந்த ரூம்பு தொறக்குற அன்னைக்கி, இதுக்குள்ள இருக்குற எல்லாரையும் உசிரோட வெளிய கொண்டு வா. பூட்டுக்குப் பின்னால யாரு இருந்தாலும் சரி. தப்பு செஞ்சவனா இருந்தாலும் சரி. இங்கன பொம்பளையோ அத்தன பேரும் சாட்சியா இருக்கோம், ஒருத்தரும் அடிக்க விடமாட்டோம்."

நஸீபாவின் முகம் வெளுத்தது. பெண்கள் ஒன்றும் புரியாமல், பழக்கத்தில், "ஆமீன்" என்றார்கள். பிறகு அறை அமைதியானது. மழை ஓட்டின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில், வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருந்து, கட்டைக்குரலில், ஓர் ஆண் சொன்னான்.

"ஆமீன்."

மிஸ்ரியா வீறிட்டாள். பாய் முழுக்கக் கலைந்தது. எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள். ஷரீபுன்னிசா பார்க்கவில்லை. அவள் தலையணைக்கு அடியில் நுழைந்த கையைப் பிடித்துவிட்டாள். மணிக்கட்டை அழுத்திய அழுத்தில் செல்போன் பாயில் விழுந்தது. மிச்சம் இருக்கிற காசு அத்தனையையும் ஒரே மூச்சில் அனுப்பும் பக்கம் திரையில் திறந்திருந்தது. கடைசித் தட்டு மட்டும்தான் பாக்கி.

"நஸீபா, என்னட்டி சத்தம்?" திரைக்கு வெளியே ரிஃபாத்தின் குரல். திரையின் ஓரத்தை அவன் கை பிடித்தது.

"பொம்பளையோ இருக்கோம்!" என்று ஹாஜரா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "முக்காடு இல்லாம நிக்கோம், திரையத் தொட்ட, கையி இருக்காது!"

கை நின்றது. ஊர் ஆண்களை நாலு மாதம் வெளியே நிறுத்திய அதே திரை இப்போது அவனையும் நிறுத்திவிட்டது. அவன் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரம் போதும். ஷரீபுன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பி "ஜெபா!" என்று கத்தினாள். டீக்கடை பெஞ்சுகள் சரிவதும், பல கால்கள் மழையில் ஓடி வருவதும் கேட்டது. ஜெபசிங்கின் குரலும் கேட்டது. "எங்க அண்ணாச்சி இவ்வளவு அவசரமா? மழை விடட்டும், உக்காருங்க!"

பூட்டுச் சாவியும் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. ஹாஜராதான் திறந்தாள்.

இத்ரீஸ் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். தாடி மார்பு வரை. சட்டை தோளில் நிற்கவில்லை. காலி தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

"எதுக்குட்டி இப்படிச் செஞ்ச?" என்று ஷரீபுன்னிசா நஸீபாவைக் கேட்டாள்.

நஸீபா கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. குரல்கூட நடுங்கவில்லை. "ஏமாத்துனது அவிய. சாவணும்னு சொன்னதும் அவியதான் லாத்தா. என் நகையெல்லாம் காயின்ல போட்டப்போ என்னயக் கேக்கல. என்னய விதவை ஆக்குனப்பவும் கேக்கல. நான் ஒத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

இத்ரீஸ் அவளைப் பார்த்தான். கூடியிருந்த பெண்களைப் பார்த்தான். அவர்களில் பாதிப் பேரின் நகை அவன் வாங்கிய காயினில்தான் இருக்கிறது. அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாயில் கிடந்த செல்போனைப் பார்த்துக்கொண்டே, வறண்ட உதட்டை நக்கிவிட்டுக் கேட்டான்.

"இப்போ வெல என்ன?"

 சாவிலிருந்து எழுந்து வந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. 

"ஏறியிருக்கு" என்றாள் நஸீபா. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

ஹாஜரா பீவி அவனை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன் செல்போனை எடுத்து, வாய்ஸ் மெசேஜ் பொத்தானை அழுத்தி, அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"உன் பேரச் சொல்லு. உசிரோட இருக்கேன்னு சொல்லு."

அவன் விழித்தான்.

"சொல்லுலே!"

"நான்... இத்ரீஸ். உசிரோடதான் இருக்கேன்."

அனுப்பினாள். செல்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். துஆவுக்கு ஏந்தியதைவிட இறுக்கமாக. இரண்டு நாளாக அந்தத் திரையில் அவள் அனுப்பியது எதற்கும் பதில் இல்லை. இப்போதும் இல்லை. வெளியே ரிஃபாத்தை யாரோ பிடித்து உட்காரவைக்கிற சத்தம் கேட்டது. ஷரீபுன்னிசா நஸீபாவின் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடி உண்டியல் இனி யார் கையில் திறக்கும், திறக்குமா, அவளுக்குத் தெரியாது. யாரும் இப்போது அதைக் கேட்கவும் இல்லை.

ஹாஜராவின் கையில் செல்போன் அதிர்ந்தது. அவள் காதில் வைத்தாள். மறுபக்கம் பேச்சு வரவில்லை, யாரோ மூச்சு வாங்குவது மட்டும் வந்தது. ஆனால் அந்த மூச்சு யாருடையது என்று பெற்றவளுக்குச் சொல்ல வேண்டுமா?

"கேட்டியால, சுஹைப்? அவனே உசிரோட இருக்கான்" என்றாள் ஹாஜரா பீவி. "நீ எதுக்குலே சாவணும்?"